மூன்று எழுத்துக்குத்தான் இடம்

வெள்ளிக்கிழமை கத்தாரில் மீன்பிடிக்கப் போனவர்கள் கடலுக்குப் போகமாட்டார்கள். அதனால் அன்று மத்தியானம் இனயம் என்கிற கடலோர ஊரில் பாதி வீடுகளில் போன் அடிக்கும். சில புருஷன்மார் சண்டை போடுவார்கள், சிலர் பாட்டுப் பாடிக் காட்டுவார்கள். பக்கத்து வீட்டு ஞானசெல்வியின் புருஷன் போனிலேயே பிள்ளைகளை வாய்ப்பாடு ஒப்பிக்க வைத்துவிடுவான். பெபிஷாவின் புருஷன் அனீஷ் மட்டும் நேர்ச்சைக்கு மெழுகுவர்த்தி கொளுத்துவதுபோல் நாலு வார்த்தை பேசுவான். சுகமா, அம்மைக்குச் சுகமா, இங்கே சூடு, இங்கே குளிர். அப்புறம் கொஞ்ச நேரம் போனில் காற்றுதான் இரையும். கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்பான்.

"பெபி, கம்ப்யூட்டர்ல கேம் வெளையாடினியா?"

"இல்ல. தொடவே இல்ல. துணி போட்டு மூடித்தான் வச்சிருக்கேன்."

"ம். செரி, வைக்கட்டா?"

இரண்டு வருஷமாக இதே பாட்டுதான். பெண்டாட்டி சாப்பிட்டாளா, தூங்கினாளா என்று கேட்க நாக்கு எழும்பாது. பெட்டியைத் தொட்டாளா என்று கேட்க மட்டும் வாரம் தவறாது. போனை வைத்ததும் பெபிஷா அந்த அறைக்குப் போய், பூத்தையல் போட்ட துணிக்குக் கீழே மாப்பிள்ளை கணக்காக உட்கார்ந்திருக்கும் கம்ப்யூட்டரை ஒரு முறை முறைத்துவிட்டு வருவாள்.

ஊரில் அனீஷைப் பற்றிக் கேட்டால், தங்கமான பயல், வாயில்தான் கொழுக்கட்டை என்பார்கள். கல்யாணத்தன்று பாதிரியார் கேட்ட கேள்விக்கு அவன் சொன்ன 'சம்மதம்' இரண்டாவது பெஞ்சுக்குக் கேட்கவில்லை. கல்யாணம் முடிந்து ஒன்றரை மாதத்தில் விசா வந்துவிட்டது. விருந்துக்குப் போவதிலும் மறுவீட்டிலும் முக்கால்வாசி நாள் கழிந்தது. மிஞ்சிய ஒரு வாரத்தில் என்ன செய்தான் என்று நினைக்கிறீர்கள்? மத்தியானம் ஆனால் அந்தப் பெட்டியின் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டான். பெபிஷா மாமியார் லீலாபாயோடு அடுக்களையில் நின்று, அவன் கொண்டுபோக நெத்தலிக் கருவாடு வறுத்துக்கொண்டிருந்தாள். அறைக்குள் அவன் குண்டு போட்டுக்கொண்டிருந்தான். புதுப்பெண்ணின் வயிறு எரியாமல் என்ன செய்யும்?

பெட்டிக்குள் இருந்தவை பழைய கடைவிளையாட்டுகள். முன்பெல்லாம் நாகர்கோவிலில் காசு போட்டு நின்றுகொண்டு ஆடுகிற ஆளுயரப் பெட்டிகள் இருந்தனவே, அவைதான். ஒரு பெட்டிக்கு ஒரு விளையாட்டு. இப்போது அந்தப் பெட்டியின் வேஷத்தைக் கம்ப்யூட்டர் கட்டுவதற்கு எமுலேட்டர் என்று ஒரு புரோகிராம் வந்துவிட்டது. ஒவ்வொரு விளையாட்டும் ஒரு ஃபைலாகச் சுருங்கிவிட்டது. அனீஷ் அப்படி ஒரு கடலையே சேர்த்து வைத்திருந்தான்.

அவன் ஊர்த் திருவிழாவுக்கு வருகிறான், இரண்டு மாதம் லீவு என்று செய்தி வந்ததும் பெபிஷாவுக்குச் சந்தோஷமும் பயமும் ஒன்றாக வந்தன. ஒன்றரை மாதம் பார்த்த முகம், இரண்டு வருஷம் கேட்ட நாலு வார்த்தை. அந்த ஆளோடு ஒரே அறையில் என்ன பேசுவது? இந்த லீவிலும் அந்நியர்களாகவே இருந்துவிட்டால் அப்புறம் ஆயுசுக்கும் அப்படித்தான் என்று அவளுக்குத் தோன்றியது. வீட்டைக் கழுவினாள், திரைச்சீலை மாற்றினாள், அவனுக்குப் பிடிக்குமே என்று மரச்சீனிக் கிழங்கு வாங்கி வைத்தாள். எல்லாம் முடிந்தும் மனசு அடங்கவில்லை. அவனுக்கு உயிரான பொருளையும் அழகுபடுத்தி வைப்போம் என்று துணியை எடுத்து மடித்தாள். கோபத்தோடு சேர்ந்த அன்புக்கு இப்படியெல்லாம் புத்தி போகும்.

திறந்து பார்த்தால் தலை சுற்றியது. ஒரே ஃபோல்டருக்குள் நூற்றுக்கணக்கில் ஃபைல்கள். ஐந்தாறு எழுத்தில் தலையும் வாலும் இல்லாத பெயர்கள். பெபிஷா குளச்சலில் மீன் வியாபாரம் செய்யும் யேசுதாசனின் மகள். வலையில் வந்தது கலந்துதான் வரும், கரையில்தான் இனம் பிரிக்க வேண்டும். சாளையைச் சாளையோடு, அயலையை அயலையோடு, எதிலும் சேராத கழிவைத் தனியே. அவள் அப்பாவுக்கு இதுதான் வேதம். இனம் பிரிக்காத மீனைக் கண்டால் அந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது.

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். புரோகிராமில் விளையாட்டுகளின் முழுப்பெயர்ப் பட்டியல் இருந்தது. ஒவ்வொன்றாக அமுக்கினாள். படம் வருகிறதா, சத்தம் வருகிறதா, என்ன இனம்? தெரிந்த மறுநொடியே மூடிவிட்டாள். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு நசுக்கிப் பார்த்தால் போதாதா? பிறகு நாலு ஃபோல்டர் போட்டு, ஃபைல்களைப் பிரித்து அடுக்கினாள். அடி, வெடி, வண்டி, பந்து. பெயர் வைத்த அழகில் அவளுக்கே சிரிப்பு வந்தது.

மிஞ்சியது கழிவு. பட்டியலில் பெயரே வராத, தனியாக எழும்பாத சில ஃபைல்கள் கிடந்தன. ஒரே படம் வருகிற இரட்டைகள் கிடந்தன. இன்னொரு ஃபோல்டரில், கூனிப்பொடிபோல் பொடிப்பொடியாக, அமுக்கினாலும் திறக்காத ஃபைல்கள். இதையெல்லாம் வைத்துக்கொண்டு யாருக்கு என்ன லாபம்? இரட்டையில் ஒன்றை வைத்து ஒன்றைக் களைந்தாள். மற்றதை முழுசாகக் களைந்தாள். கழிவைக் கரையில் விட்டால் நாறும் என்று பழகிய கை அல்லவா, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டுத்தான் எழுந்தாள்.

அனீஷ் வியாழக்கிழமை வந்தான். கத்தார்ப் பெட்டி திறப்பதைப் பார்க்கச் சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள். சென்ட்டும் சோப்பும் தைலமும் ஆளுக்கொன்றாகப் பிரிந்து போயின. பெபிஷாவுக்கு ஒரு வாட்ச். அதைக் கையில் கொடுத்தபோதும் அவன் ஒன்றும் சொல்லவில்லை, "கெட்டிப் பாரு" என்றதைத் தவிர.

மறுநாள் காலை பழங்கஞ்சி குடித்துவிட்டு அவன் அறைக்குள் போனான். பெபிஷா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"பெபி, கொஞ்சம் இஞ்ச வா. உனக்கு ஒண்ணு காட்டணும்."

அவன் அவளை எதையாவது பார்க்கக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. கையைத் துடைத்துக்கொண்டே ஓடினாள். நானும் ஒன்று காட்ட வேண்டும் என்று சொல்ல வாய் துடித்தது. ஆனால் அவன் முகம் அதற்குள் மாறியிருந்தது. புரோகிராம் திறந்திருந்தது, பட்டியல் வெறுமையாகக் கிடந்தது.

அவன் தேடினான். அடி, வெடி, வண்டி, பந்து என்று ஒவ்வொன்றாகத் திறந்தான். ஃபைல்களைப் பழைய இடத்துக்கே தள்ளினான். சில விளையாட்டுகள் எழுந்தன. அடிதடிகளில் முக்கால்வாசி, ஃபைல் குறைகிறது என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டன. அதற்குக்கூட அவன் பதறவில்லை. வேறு எதையோ தேடினான்.

"இதுல சின்னச் சின்ன ஃபைலா ஒரு ஃபோல்டர் கெடந்துதே?"

லீலாபாய் வாசற்படியில் வந்து நின்றாள். "ஞானசெல்விக்க பிள்ளைகதான் வந்து நோண்டியிருக்கும் மோனே. அவ வளத்த வளப்பு அப்படி. நான் போய் ரெண்டு கேள்வி கேட்டுட்டு வாறேன்." சொன்னதோடு நிற்காமல் செருப்பைத் தேடவும் ஆரம்பித்துவிட்டாள்.

சும்மா இருந்தால் தப்பிவிடலாம். பெபிஷாவுக்கு அது தெரிந்தது. ஆனால் மாமியார் கேட்கிற இரண்டு கேள்வி திருவிழா வரை ஓடும் என்பதும் தெரிந்தது.

"மாமி, போவாதீங்க. நான்தான் ஒதுக்கினேன்."

அனீஷ் திரும்பினான். "தொடவே இல்லன்னியே?"

"நீங்க வருவியன்னு தெரிஞ்ச பொறவுதான் தொட்டேன். எல்லாம் ஒக்க கலஞ்சி கெடந்துது. இனம் பிரிச்சி அடுக்கினேன். கழிவக் களஞ்சேன்."

"வெளையாடினியா?"

"இல்ல. ஓடுதான்னு பாத்தேன், மூடிட்டேன்."

"ஒண்ணுகூட கொஞ்ச நேரம் இருந்து பாக்கலியா?"

"எனக்கு வேற வேல இல்லியா?"

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைவிட ஒரு அடி கொடுத்திருக்கலாம். "செரி, போனது போட்டு," என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டினான்.

இரண்டு வருஷம் அடக்கியது பெபிஷாவுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "வாயத் தொறந்து ஏசினாலாவது கொள்ளாம்! பேசாம நீங்க இந்தப் பெட்டியக் கெட்டியிருக்கணும். அதுக்குச் சோறு வெளம்பவும் வேண்டாம், வாட்ச் வாங்கவும் வேண்டாம்!"

அவன் நின்றான். வாயைத் திறந்தான். வார்த்தை வரப்போகிறது என்று லீலாபாயே எதிர்பார்த்தாள். வரவில்லை. வாயை மூடிக்கொண்டு கடற்கரைப் பக்கம் இறங்கிப் போய்விட்டான்.

பெபிஷா கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். வந்த மறுநாளே இப்படி. இனி இரண்டு மாதமும் அவன் கரையில், இவள் அடுக்களையில். பிறகு விமானம், பிறகு வெள்ளிக்கிழமை, நாலு வார்த்தை. அப்புறம் மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தாள். கெடுத்தவள் சரியாக்குவாள். பக்கத்து ஊரான கருங்கல்லில் ரசலையனின் பிரவுசிங் சென்டர் இருந்தது. அனீஷோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தவன், அவனிடமும் இந்த விளையாட்டுகள் உண்டு என்று எப்போதோ கேட்டிருந்தாள். பென் டிரைவைப் பர்சில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.

ரசலையனின் கடையில் முன்பாதி இன்டர்நெட், பின்பாதி பயல்களின் கூச்சல். அவன் அவளை மின்விசிறிக்குக் கீழே உட்கார வைத்துக் கதையைக் கேட்டான். கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான்.

"தங்கச்சி, பட்டியல்ல வராத ஃபைல்னு களஞ்சியே, அது கேம் இல்ல. கேமு நிக்குற தரை. தனியா அமுக்கினா ஒண்ணும் வராது. ஆனா அது இல்லன்னா அடிதடி பாதிக்கு மேல எழும்பாது. அப்பொறம் ரெட்டைன்னு சொன்னியே, அதுல ஒண்ணு தாய், ஒண்ணு பிள்ள. நீ தாயக் களஞ்சிட்டு பிள்ளைய வச்சிருக்க. அது எப்படி நடக்கும்?"

"அந்தப் பொடி ஃபைலு, அண்ணே?"

"அது ஸ்கோரு. எவன் ஜெயிச்சான், எத்தன பாயிண்டுன்னு ஓர்மை வச்சிருக்கது அதுதான். மத்தது ஒக்க நான் தரலாம், திரும்ப ஓடும். அந்த ஓர்மை போனா போச்சு."

"ஸ்கோரு போனதுக்கா மனுஷன் அப்படி மூஞ்சத் தூக்கிட்டுப் போனாரு?"

ரசலையனும் யோசித்தான். "அவன் ஸ்கோருக்குச் சாவுற ஆளே இல்லியே. தோத்தாலும் சிரிச்சிட்டு எழும்பிப் போவான்."

அந்நேரம் மூலைக் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு பெரிய முனகல் எழுந்தது. யூனிஃபார்மைக் கழற்றாத மூன்று நாலு பயல்கள் தலையில் கையை வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னைக்கும் பெப்ப தொட முடியல, மக்கா!"

"அவன் மனுஷனே இல்லலே. ஜப்பான்காரன்."

பெபிஷாவுக்கு ஏனோ கால் தானாக அங்கே போனது. திரையில் விளையாட்டு முடிந்து, ஜெயித்தவர்களின் பெயர்கள் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தன. ஆளுக்கு மூன்று ஆங்கில எழுத்து. இரண்டாவதிலிருந்து கடைசி வரை இந்த ஊர்ப் பயல்கள். எல்லோருக்கும் மேலே, உச்சியில், பி, இ, பி.

"அது யாரு, அண்ணே?"

"ஆருக்குத் தெரியும்? பேரு போட மூணு எழுத்துக்குத்தான் அதுல இடம். இந்த கேம் ஒக்க அனீஷ் கத்தாருக்குப் போறதுக்கு முந்தின நாள் தந்துட்டுப் போனது. வரும்போதே உள்ள கெடந்த பேரு. எவனோ பிலிப்பைன்ஸ்காரன்னு நெனச்சேன். ரெண்டு வருஷமா இந்தப் பயலுவ அவனை எறக்கப் பாக்கானுவ, நடக்கல்ல."

"வேற ஒண்ணு தொறந்து காட்டுங்க."

காட்டினான். இந்தத் தடவை பெபிஷா மூடச் சொல்லவில்லை. படம் ஓடியது, வானத்தில் விமானங்கள் ஓடின, ஒருவரும் தொடாமல் காத்திருந்ததும் பெயர்கள் வந்தன. உச்சியில் பி, இ, பி. இன்னொன்று என்றாள். கார் பந்தயம். அதிலும் உச்சியில் அதே மூன்று எழுத்து. சிலவற்றில் பயல்கள் ஏறிவிட்டிருந்தார்கள், ஆனால் இரண்டாவதிலோ மூன்றாவதிலோ அந்தப் பெயர் நின்றுகொண்டிருந்தது. இதையெல்லாம் அவள் தன் அறையிலேயே திறந்தவள்தான். திறந்து, பெயர் வருவதற்குள் மூடியவள்.

அவன் புறப்படும் முன்னான அந்த வாரம் ஞாபகம் வந்தது. அடுக்களையில் கருவாடு வறுபட, அறைக்குள் அவன் போட்ட குண்டெல்லாம் இதற்குத்தானா? வாரம் தவறாமல் வெளையாடினியா, வெளையாடினியா என்று கேட்டதெல்லாம், உன் பேரைப் பார்த்தாயா என்று கேட்டதுதான். அவளோ ஒவ்வொரு தடவையும் பத்தினிப் பெருமையோடு, தொடவே இல்லை என்று அவன் வாயை அடைத்திருக்கிறாள். நூற்றுக்கும் மேல் வெள்ளிக்கிழமைகள். பெபிஷா கடை என்றும் பார்க்காமல், பயல்கள் என்றும் பார்க்காமல் அழுதாள்.

ரசலையன் பதறிவிட்டான். "என்ன தங்கச்சி? என்னாச்சு?"

"அது எனக்க பேரு, அண்ணே."

"எது?"

"பெபிஷா. பெபி."

ரசலையன் அவளைப் பார்த்தான், திரையைப் பார்த்தான். "அட, படுபாவி!" என்று சிரிக்க ஆரம்பித்தான். பயல்கள் சிரிக்கவில்லை. கையில் பர்சும் கண்ணில் தண்ணீருமாக நிற்கிற அக்காவை, மேகத்திலிருந்து இறங்கி வந்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். ஒருவன் நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டான்.

"அக்கா, அந்தக் கடைசி ராட்சசன எப்படி அடிச்சிய?"

"எனக்குத் தெரியாது, மக்கா," என்றாள் பெபிஷா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "வீட்டுக்காரருட்ட கேட்டுச் சொல்லுகேன்."

ரசலையன் எல்லாவற்றையும் பென் டிரைவில் ஏற்றித் தந்தான். தரையாக நிற்கிற ஃபைல், களைந்த தாய்கள், பொடி ஃபைல்கள். எதை எங்கே வைக்க வேண்டும், எதைத் தொடவே கூடாது என்று இரண்டு தடவை சொன்னான். வீட்டுக்கு வந்து அவள் அப்படியே செய்தாள். இனமாவது பிரிப்பதாவது என்று எல்லாவற்றையும் பழையபடி ஒரே குவியலில் போட்டாள். பிறகு ஒரு விளையாட்டைத் திறந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பெயர் வந்ததும் எழுந்து, கடலோரத் தடுப்புச் சுவர் வரை போனாள். அனீஷ் பாறைமேல் தனியாக உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான், கத்தாரில் பார்த்தது போதாதென்று.

"இஞ்ச வாருங்க. உங்களுக்கு ஒண்ணு காட்டணும்."

அவன் வந்தான். திரையைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"யாரு இந்தப் பெப்?" என்றாள்.

அவன் காது சிவந்தது. "எனக்குத் தெரிஞ்ச ஒரு பிள்ள."

"வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா? ரெண்டு வருஷம்!"

"சொல்லணும்னு எல்லா வெள்ளியும் நெனப்பேன், பெபி. போன எடுத்தா வராது." அவன் திரையைக் காட்டினான். "அதுல மூணு எழுத்துக்குத்தான் இடம். அவ்வளவுன்னா என்னால ஒக்கும்."

பெபிஷாவுக்கு மறுபடியும் அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. இரண்டையும் எங்கே வைப்பது என்று தெரியாமல், நாற்காலியை இழுத்து அவன் பக்கத்தில் போட்டாள். "கடைசி ராட்சசன எப்படி அடிச்சிய? கருங்கல்ல பயலுவ கேக்கானுவ."

அனீஷ் சொல்ல ஆரம்பித்தான். ராட்சசன் எங்கே நிற்பான், எப்போது குதிப்பான், குனிந்திருந்து எந்த நொடியில் எழும்ப வேண்டும் என்று கையாலும் காலாலும் காட்டிச் சொன்னான். சோறு ஆறுகிறது என்று லீலாபாய் மூன்று தடவை கூப்பிட்டாள். நாலாவது தடவை வாசலில் வந்து நின்று, தன் மகன் வாயிலிருந்து இவ்வளவு பேச்சா என்று, கூப்பிட வந்ததை மறந்து திரும்பிப் போனாள்.

லீவு முடிந்து அவன் போய்விட்டான். அழுகைக்கு அப்போதும் குறைவில்லை. வெள்ளிக்கிழமை போன் வந்தது. சுகமா, அம்மைக்குச் சுகமா, இங்கே குளிர். தொண்டையைச் செருமும் சத்தம்.

"பெபி, வெளையாடினியா?"

"வெளையாடினேன். நாலு நாளாச்சு, இன்னைக்குத்தான் ஒண்ணுல பட்டியலுக்குள்ள ஏறினேன். கடைசி இடம்."

"ஏறிட்டியா!" அவன் கத்தியது அடுக்களைக்குக் கேட்டது. பிறகு குரல் தாழ்ந்தது. "பேரு போட்டியா?"

"போட்டேன். மூணு எழுத்து."

"யாருக்க பேரு?"

பெபிஷா திரையைப் பார்த்தாள். உச்சியில் அவள் பெயர், அடியில் அவள் போட்ட பெயர், நடுவில் கருங்கல் பயல்கள்.

"அது சொல்ல வராது," என்றாள். "நீங்க வந்து பாத்துக்கிடுங்க."